அக்கறையில் உங்களை மிஞ்ச ஆளில்லை

என் அன்பான சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

இரண்டு பெண் பிள்ளைகளை நான் தனியாக வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. அவர்கள் உண்டது, உடுத்தியது, சிரித்தது, கறுத்தது எதுவும் இத்தனை வருஷத்தில் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆத்தூர் சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு பேர் கண் வைத்துக் காக்கிற பிள்ளைகள் வேறு இருக்க முடியாது. உங்களுக்குச் சேர வேண்டிய புகழை உங்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்திருந்தேன். இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது இல்லை.

உங்கள் அக்கறை அவர்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நான் இரண்டாவது முறை உண்டானபோது என் நடையைக் கவனித்தீர்கள். வயிறு தூக்கியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்தீர்கள். வாய் புளிப்பு கேட்கிறதா இனிப்பு கேட்கிறதா என்று விசாரித்தீர்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்ற சட்டம் 1994-ல் வந்தது, 1996-ல் நடைமுறையானது, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் எல்லாம் சுவரில் அந்தப் பலகை தொங்குகிறது. அதைப் பார்த்து நீங்கள் சோர்ந்துபோகவில்லை. எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தக் கிழமையில், யார் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார், எவ்வளவு கேட்பார் என்பதெல்லாம் உங்களில் ஒருவருக்கு விரல்நுனியில் இருந்தது. ஒரு பைசா லாபம் பார்க்காமல், தன் சொந்தச் செலவில் என்னைக் கூட்டிப்போகத் தயாராக இருந்தார். நான் வரவில்லை என்றதற்கு அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. “உன் நல்லதுக்குத்தான் கண்ணு சொன்னேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார். என் நல்லது என்று அவர் எதை நம்பினாரோ அதற்காக ஜெயிலுக்குப் போகவும் துணிந்த மனிதர் அவர்.

நாம் சேலம் மாவட்டத்துக்காரர்கள். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று பெற்றவர்களிடம் ஓர் அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்த மண் இது. எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்கெல்லாம் பயன்பட்டன என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் நீங்கள் வெகுதூரம் வந்துவிட்டீர்கள். பிறந்துவிட்ட என் இரண்டாவது மகள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் உங்களில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 943 பேர்தான் இருந்தார்கள். வராமல் போனவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இருவரும் இருக்கிறார்கள், இப்போது கூடத்தில் ரப்பருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, “மகாலட்சுமி பொறந்திருக்கா, கவலப்படாத” என்றீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஆண் குழந்தை பெற்றவளிடம் யாரும் பெருமாளே வந்து பிறந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. அவளுக்கு லட்டு டப்பா போதுமாக இருந்தது. எனக்கு மட்டும் தெய்வத்தையே துணைக்கு அழைத்துத் தேற்றினீர்கள். என் துக்கத்தை அந்த அளவுக்குப் பெரிதாக மதித்தீர்கள். எனக்குத் துக்கம் இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரம் நான் அவள் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சின்ன நகங்களை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு ஆபரேஷன் பேச்சு வந்தது. இரண்டும் பெண்ணாக இருந்தால் முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு 25,000 ரூபாய் வீதம் வைப்புத்தொகை போடுவார்கள். ஆண் வாரிசு இருக்கக் கூடாது, அம்மா அப்பாவில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். “பணம் இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும், அவசரப்படாம இன்னொரு தடவை பாரு” என்றீர்கள். பணத்தைத் துச்சமாக நினைக்கிற மனம் லேசில் வராது. அதையும் தாண்டி நாங்கள் இது போதும் என்று முடிவெடுத்தபோது, இருவரில் யாருக்கு என்ற கேள்விக்கு நீங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. ஆணுக்கு என்றால் கத்தி இல்லாமல், தையல் இல்லாமல் அரைமணி நேரத்துக்குள் முடிந்து அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று நர்ஸம்மா எடுத்துச் சொன்னார். “அவன் வெயிட்டு தூக்கறவன், அவனுக்கு வேண்டாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவைத்தீர்கள். தண்ணீர்க் குடமும், கேஸ் சிலிண்டரும், இடுப்பில் ஒன்று தோளில் ஒன்று என்று பிள்ளைகளும் எடையில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

தொலைநோக்கு என்று சொன்னால் என் கொழுந்தனாரைத்தான் சொல்ல வேண்டும். சின்னவளின் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அவரே வண்டி எடுத்துவந்து தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ச் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிவைத்தார். 2015 ஜனவரியில் வந்த திட்டம் அது. பிள்ளைக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். முதல் தவணையைத் தன் கையிலிருந்து கட்டினார். அதை இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை. கவுண்ட்டரில் இருந்த அம்மா, “பதினெட்டு வயசானா மேல்படிப்புக்குப் பாதிப் பணம் எடுத்துக்கலாங்க” என்றார். “படிப்புக்கெல்லாம் தொட மாட்டோங்க, கல்யாணத்துக்கு ஆகணும்” என்று எனக்காகக் கொழுந்தனாரே பதில் சொன்னார். என் மகள் அப்போது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கழுத்து நிற்கவில்லை. தன் மகன் பெயரில் அவர் போட்டிருந்த எல்ஐசி, அவன் இன்ஜினியரிங் சேர்கிற வருஷம் முதிர்கிறது. அவனுக்குப் படிப்பு, இவளுக்குக் கல்யாணம் என்று பிரிப்பதில் அவருக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். “வரதட்சணையா குடுக்கறோம்? நம்ம பொண்ணுக்கு நாம போடறோம்” என்றார். எத்தனை பவுன் என்பதும் அவரிடம் தயாராக இருந்தது. அந்த மாப்பிள்ளை பிறந்துவிட்டானா என்பதே தெரியாது, அவன் வீட்டாரின் மனம் நோகாமல் இருக்க இப்போதே ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

காலை ஏழு மணிக்கு எங்கள் வாசல்படியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேல்படியில் நான், கீழ்ப்படியில் பெரியவள், அவளுக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்து உட்கார்ந்திருக்கும் சின்னவள். தேங்காய் எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, சிக்கை நுனியிலிருந்து பிரித்து மேலே வர வேண்டும். அவசரத்தில் மேலிருந்து இழுத்தால் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பனைக் காதுக்குப் பின்னால் பூவாகக் கட்டுவதற்குள் ஒரு சாக்ஸ் காணாமல் போயிருக்கும், பால் ஆறிப்போயிருக்கும். பெரியவள் கோ-கோ விளையாடுகிறாள். ஓட்டத்தில் சடை அவிழ்ந்து முகத்தில் அடிக்கிறதென்று, தோள்வரை வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அந்தக் கூந்தலுக்கு எத்தனை பாதுகாவலர்கள் என்று எனக்குத் தெரிந்தது. பெரியம்மா கும்பகோணத்திலிருந்து போன் செய்தார். எதிர்வீட்டு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பொண்ணுக்கு முடிதான் அழகு, மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று ஒருவர் விடாமல் எடுத்துச் சொன்னீர்கள். அவள் போன வருஷம் வட்டார அளவில் விளையாடி ஜெயித்து, கழுத்தில் மெடலோடு இதே தெருவில் நடந்து வந்தாள். அன்றைக்கும் நீங்கள் அவளைக் கவனிக்காமல் இல்லை. “என்ன அம்மிணி இப்படிக் கறுத்துட்ட?” என்று கேட்டீர்கள்.

அன்று ராத்திரி குளியலறையில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். கதவைத் திறக்கச் சொன்னேன். பீர்க்கங்காய் நாரால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடலைமாவு டப்பா தரையில் திறந்து கிடந்தது. தோல் சிவந்து, ஓரிடத்தில் கீறி ரத்தம் பொட்டாக நின்றது. “பாப்பா கை மாதிரி ஆகுமா அம்மா?” என்று கேட்டாள். தங்கை அவளைவிட ஒரு மாற்று நிறம் கூடுதல், அவ்வளவுதான். நான் இதற்கு முன் எத்தனையோ தடவை அவளிடம் நீ அழகு என்று சொல்லியிருக்கிறேன், மனதாரச் சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவும் சொல்லியிருக்கிறார். தெரு முனையில் நின்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு இருந்த சக்தி எங்கள் இருவர் சொல்லுக்கும் இல்லை. அந்தச் சக்தி உங்களிடம் இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்கள் வாயிலிருந்து விழும் ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் தோலின் மேல் செயல்படுத்திப் பார்க்கிறாள்.

என் வீட்டுக்காரருக்கு நீங்கள் தரும் மரியாதையையும் சொல்லியாக வேண்டும். எனக்குக் காய்ச்சலாக இருந்த நாளில் அவர் சின்னவளுக்குச் சடை பின்னிவிட்டார். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அந்தச் சடையோடு அவள் பள்ளிக்கூட வாசலை அடைவதற்குள் அவர் புகழ் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. “உனக்கென்ன, கொடுத்து வச்சவ” என்று இன்றைக்கும் சொல்கிறீர்கள். அவர் நல்ல அப்பாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேகோ ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து பெரியவளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். அவருக்கே உங்கள் புகழ்ச்சி கூச்சமாக இருக்கிறது. ஆண் தொட்ட வேலையை உடனே கண்டுகொள்ளும் உங்கள் கண்ணுக்கு, தினமும் நடக்கிற வேலை ஏனோ அகப்படுவதே இல்லை. அதேபோல, வீட்டுக்கு விருந்துக்கு வந்தால் என் சின்னவளின் சுறுசுறுப்பை எனக்கு முன்பே கண்டுகொள்வீர்கள். “அண்ணனுக்குத் தண்ணி மொண்டு குடு, தட்டை எடுத்துப் போடு” என்பீர்கள். அந்த அண்ணனும் அவளும் ஒரே வகுப்பு. அவள் எடுத்துப் போடுகிறாள். அவன் போனிலிருந்து தலை நிமிர்வதில்லை.

சொத்து விஷயத்தில் நீங்கள் காட்டும் பாசம் தனி. குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அறுபது வருஷம் கழித்து 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமானது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அந்த வருஷத்தில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தைக்கூட 2020-ல் சுப்ரீம் கோர்ட் ஒதுக்கித் தள்ளிவிட்டது. இத்தனையும் நடந்த பிறகும் நம் குடும்பத்தில் ஒரு வழக்கு இல்லை, ஒரு சண்டை இல்லை. என் நாத்தனார் சார்பதிவாளர் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, “தங்கமான பொண்ணு” என்றீர்கள். அவள் பங்காக வர வேண்டிய மரவள்ளிக் காடு இன்றைக்கு என்ன விலை போகும் என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தன் மகள் நர்சிங் படிப்புக்கு அவள் வட்டிக்கு வாங்கியிருக்கிறாள் என்பதும் தெரியும். என் அப்பா வீட்டுப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதன் பிறகு என்னைத் தங்கம் என்று யாரும் சொல்வதில்லை. என் மகள்கள் இதையெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் அவர்களை வெளியே போய் விளையாடச் சொல்லவில்லை.

பெரியவள் வயதுக்கு வந்தது பள்ளிக்கூடத்தில். இரண்டாவது பீரியடில் வயிற்று வலி, பிறகு பாவாடையில் கறை. அரசு கொடுக்கும் நாப்கின் அலமாரியில் இருந்தது, சாவி வைத்திருந்த டீச்சர் அன்று லீவு. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அவள் தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் புத்தகப் பையை இவளுக்குப் பின்னால் தாங்கி மறைத்தபடி கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் உங்கள் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. அவ்வளவு வேகத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. விழா வேண்டாம் என்று நானும் அவரும் சொன்னோம். அரையாண்டுத் தேர்வு வருகிறதென்று அவளும் சொன்னாள். “தாய்மாமன் உரிமையைத் தடுக்காதே” என்று என் அண்ணன் கண்கலங்கினார். கடன் வாங்கி ஐம்பத்தோரு தட்டுச் சீர் கொண்டுவந்தார். அவர் பாசத்தில் எள்ளளவும் கலப்படம் கிடையாது. அவள் மாமாவிடம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு சைக்கிள். “இனிமே எதுக்குச் சாமி சைக்கிள்?” என்று சொல்லிப் பட்டுப்புடவை எடுத்து வந்திருந்தார். பன்னிரண்டு வயது இடுப்பில் அது நிற்கவில்லை. ஊக்கு ஊக்காகக் குத்தி நிறுத்தினோம். மூலையில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக் கொடுத்தீர்கள். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தீர்கள். அவள் தலையில் கிரீடம், பின்னால் மயில், கீழே சித்தப்பா மாமாமார் படங்கள், இன்ன தேதியில் மஞ்சள் நீராட்டு விழா என்று பெரிய எழுத்தில். அவள் வகுப்புப் பையன்கள் தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஃபிளெக்ஸை எடுக்கும்வரை அவள் சந்துவழியாகச் சுற்றிப் போனாள். இப்போது கோ-கோவுக்குப் போவதில்லை. நீங்கள் யாரும் போகாதே என்று சொல்லவில்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் செய்திருந்தீர்கள்.

ஒரு பெண் பிள்ளையின் உடம்பில் நடந்ததை ஒரே நாளில் மூன்று தாலுகாவுக்குச் சொல்ல உங்களால் முடியும். எதைச் சொல்லாமல் விழுங்க வேண்டும் என்றும் உங்களுக்குத் தெரியும். போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் சின்னவள் என்னிடம் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தத் தாத்தா கிட்ட என்னை அனுப்பாத அம்மா” என்றாள். மடியில் இழுத்து உட்கார வைத்தாராம், இறங்குகிறேன் என்றாளாம், விடவில்லையாம். மீதியை அவளுக்குத் தெரிந்த சொற்களில் சொன்னாள். நான் எழுந்தேன். நீங்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டீர்கள். “வயசானவர், பாசத்துல பண்ணிருப்பார்.” “முகூர்த்த நேரம், சும்மா இரு.” “வெளிய தெரிஞ்சா பொண்ணு பேருதான் கெடும்.” எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது கெடக்கூடியது என்பதை அன்றுதான் அவள் தெரிந்துகொண்டாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று தினமும் எனக்கு எச்சரிக்கை தருகிறவர்கள் நீங்கள். ஆறு மணிக்கு மேல் கடைக்கு அனுப்பாதே, துப்பட்டா போடு, சத்தமாகச் சிரிக்காதே என்று அவர்களுக்குக் காவல் போட்டவர்கள் நீங்கள். காவல் யாருக்கு எதிராகவோ அவருக்கு அன்று முதல் பந்தியில் இலை போட்டீர்கள். மறுநாள் காலை நான் 1098-க்கு போன் செய்தேன். இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி குற்றம் என்று அவர்கள் சொன்னார்கள். அதன்பின் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். என் பிள்ளை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள், அவள் சொன்னதை நம்பினார்கள். உங்களிடம் விசாரிக்க வந்தபோது நீங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. அத்தனை பேரில் ஒருவர்கூட வாய் தவறவில்லை. அப்படி ஓர் ஒற்றுமையை எந்தச் சங்கத்திலும் பார்க்க முடியாது. இந்த விஷயத்தில் நான் பின்வாங்கப்போவதில்லை. அதனால் இனி நம் வீட்டு விசேஷங்களுக்கு எங்களை அழைக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

ஆனால் நான் உங்களை அழைக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெரியவள் பள்ளியில் நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், தண்ணீருக்கு மோட்டார், மூடி போட்ட குப்பைத்தொட்டி, நாப்கின் அலமாரிக்கு இன்னொரு சாவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிதி வரட்டும் என்கிறார்கள். போன கூட்டத்துக்கு உங்களை வரச் சொல்லி வீடு வீடாக வந்தேன். கையில் மஞ்சள் நீராட்டு விழாவின் மொய் நோட்டை எடுத்து வந்தேன், யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று. நீலக் கோடு போட்ட நீளநோட்டு. ஊர், பெயர், அப்பா பெயர், தொகை என்று என் மாமனார் அழகான கையெழுத்தில் பத்தி பிரித்து எழுதியிருக்கிறார். நோட்டு கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்தது இரண்டு பேர். ஒருவர் முனியப்பன் கோயில் பக்கம் இளநீர் விற்கிறவர், அவருக்கு அந்தப் பள்ளியில் பேத்தி படிக்கிறாள். இன்னொருத்தி, அன்று புத்தகப் பையைத் தாங்கிக்கொண்டு வந்த பிள்ளையின் அம்மா. விழாவுக்கு இருவரையுமே நீங்கள் அழைத்திருக்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். நாலு தாழ்ப்பாளும் அதை மாட்டுகிற கூலியும் சேர்த்து, அன்று வந்த சீர்வரிசையில் ஒரு பழத்தட்டின் விலைகூட ஆகாது. மோட்டாருக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஒரு பெண் பிள்ளைக்காக வேலையை விட்டுவிட்டு, வண்டி வைத்து, கடன் வாங்கியாவது வந்து நிற்க உங்களுக்குத் தெரியும் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று மணி, ஏழாம் வகுப்பு அறை. பெஞ்சு போட்டு வைக்கிறோம்.